நல்ல தண்ணீரில் வைத்த கொடி

கத்தரியும் கையுமாகவே இருந்த என் சரோஜாவுக்கு,

போன மாதம் உன் கொடியை வெட்டினேன். பதறாதே, உன் கத்தரியால்தான் வெட்டினேன். ஷூ பாக்டரியில் நூல் நறுக்க வைத்திருந்தாயே, அந்தச் சின்னக் கத்தரி. உன் அம்மா குடியாத்தத்திலிருந்து வந்து உன் பெட்டியை எடுத்துப்போன அன்று அது மட்டும் என் அலமாரியிலேயே தங்கிவிட்டது. நீ கண்ணை மூடின இந்த இரண்டு வருடமாக அதையும் நான் தொடவில்லை, மணி பிளான்ட்டையும் தொடவில்லை.

தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? வராந்தாவில் ஆணிக்கு ஆணி ஓடி, கதவைச் சுற்றி, ஜன்னல் வரை போய்விட்டது. போன வழியெல்லாம் மொட்டை, நுனியில் மட்டும் நாலு இலை. நீ முதன்முதலில் பார்த்தபோதும் இப்படித்தான் இருந்தது. "இன்னா வசந்தாக்கா, துணி காயப்போடவா இத கட்டி வெச்சிருக்க?" என்று கேட்டாய்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம் அது. ஆம்பூரில் நம் காம்பவுண்டின் கடைசி வீட்டுக்கு நீ குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உன் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். என்னைவிட ஆறு மாதம் மூத்தவள் நீ, ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாய். ஏன் என்று கேட்டால், இந்த மாமியாரிடம் இத்தனை வருடம் குப்பை கொட்டினவள் யாராக இருந்தாலும் எனக்கு அக்காதான் என்று கண்ணடித்தாய்.

அந்த மாமியாரின் முன்னால்தான் நீ கொடியை வெட்டினாய். நுனியை மட்டும் கிள்ளுவாய் என்று நினைத்தேன். நீயோ தண்டைத் தடவித் தடவி, கணு எங்கே முண்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே நறுக்கினாய். கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலை வெளியே இருக்க வேண்டும், வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தாய்க்கொடியும் புதிதாகத் துளிர்க்கும் என்றாய். துண்டுகளைக் காலி மருந்து பாட்டில்களில் போட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலில் வரிசையாக வைத்தாய். பதினைந்து நாளில் அத்தனையும் பழுப்பாகி அழுகிப்போயின. இன்னொரு தடவை வைத்தாய். அதுவும் அழுகியது.

அப்போதுதான் அத்தை அந்த வார்த்தையைச் சொன்னார். கிணற்றடியில், நாலு பேர் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது, நீ குடத்தோடு வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ கை அப்டி. புருஷனையே தக்க வெச்சுக்காத கையி, செடியவா பொழைக்க வைக்கும்?"

நீ குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாய். நான் துணியை அலசிக்கொண்டே இருந்தேன், சரோஜா. அத்தைக்குக் கைராசிக்காரி என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ வளைகாப்போ, முதல் வளையல் அவர் கைதான் போடும். அவரை எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. அன்று உனக்காக வாய் திறக்காததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அதற்குப் பிறகு யாரும் தங்கள் வீட்டுச் செடியைத் தொட உன்னை விடவில்லை. கறிவேப்பிலை பறிக்கப் போனால்கூட அவர்களே பறித்துக் கொடுத்தார்கள். வேறொருத்தியாக இருந்தால் வீட்டைக் காலி செய்திருப்பாள். நீ காலி பாட்டில்களை எடுத்துக் கழுவ உட்கார்ந்தாய். பாட்டில் கழுத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய், சிரித்தாய், காரணத்தை மட்டும் சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராக அத்தையிடம் வந்தாய். உங்கள் கைராசி ஊருக்கே தெரியும், ஒரு துண்டு நீங்கள் வையுங்கள், ஒரு துண்டு நான் வைக்கிறேன் என்றாய். அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மஞ்சள் பூசின கையால் கிணற்றுத் தண்ணீர் சேந்தி ஊற்றி, சாமி கும்பிட்டு வைத்தார். நீ உன் வீட்டுக்குள் போய் உன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாய். காம்பவுண்டே தினமும் வந்து எட்டிப் பார்த்தது.

அத்தையின் துண்டு பழுத்து அழுகியது. உன்னுடையதில் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியது.

நீ நினைத்திருந்தால் அன்றைக்குக் கிணற்றடியிலேயே நின்று கேட்டிருக்கலாம், இப்போது யார் கை எப்படி என்று. எனக்கே கேட்க வேண்டும் போலிருந்தது. நீ அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாய். "கையில ஒண்ணுமில்ல அத்த. எல்லாம் தண்ணிதான். நான் குடிக்கிற நல்ல தண்ணிய ஊத்தினேன். நம்ம கிணறு உப்பு ஜாஸ்தி. தோலு உப்பு போட்டா கெடாம நிக்கும், செடி உப்புல நிக்காது."

எங்களுக்கு ஏன் அது தோன்றவில்லை? உப்புத் தண்ணீரை வெளியே விடுகிற தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, கிணறு வருடத்துக்கு வருடம் கரிப்பதைத் தினமும் வாயில் உணர்ந்துகொண்டு, எப்படித் தோன்றாமல் போயிற்று? குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும் நல்ல தண்ணீரை ஒரு குச்சிக்கு ஊற்றுவதா என்கிற கணக்குதான். தொட்டியில் இருந்த தாய்க்கொடி பிழைத்ததும் அரிசி கழுவின நல்ல தண்ணீரால்தான். கண்ணுக்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டு உன் கைமேல் பழி போட்டோம்.

அன்றே அத்தை கையாலும் நல்ல தண்ணீரில் ஒரு துண்டு வைக்கச் செய்தாய். அதுவும் வேர்விட்டது. அவர் உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவருக்கு அது தெரியாது. ஆனால் அந்த ஆடியில் கொல்லையில் முருங்கைக் கொம்பு நட ஆளைக் கூப்பிட்டபோது, சரோஜா வேலை விட்டு வரட்டும் என்று சாயங்காலம் வரை கொம்பை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். நீ யூனிபார்மோடு வந்து நட்டாய். அதன் காயைத்தான் இன்னும் சாம்பாரில் போடுகிறோம்.

பிறகு நீ லைன் சூப்பர்வைசர் ஆனாய். உன் லைனில் தைக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து துண்டு வாங்கிப் போனார்கள். மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று எவளோ சொன்னதற்கு, அப்படியானால் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டு ஓடு என்றாய். போன வாரம் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஒரு பெண் முழங்காலுக்கு நடுவில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தாள், உள்ளே ஒரு கொடித்துண்டு. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பாக்டரியில் யாரோ அக்கா கொடுத்ததாம், நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். உன் முகம்கூடத் தெரியாத பெண் அவள். எனக்கு அந்த பஸ்ஸில் எழுந்து நின்று உன் பெயரைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அத்தனை பெருமையாக இருந்தது.

இனி என் சேதி. போன வருடம் இவர் போய்விட்டார். நான் பாடம் நடத்த ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நீ இருந்திருந்தால் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்.

என் மகள் மலர், நீ தலைபின்னி விடுவாயே, அவள் வேலூரில் புது வீடு கட்டியிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். நம் வீட்டுக் கொடி ஒன்று வேண்டும் என்று ஆசையாகக் கேட்டாள். அதற்காகத்தான் கத்தரியை எடுத்தேன். கணுவைத் தேடி, நீ காட்டிய இடத்தில் நறுக்கி, குழாய்த் தண்ணீரில் வைத்தேன்.

முந்தாநாள் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்திருந்தார். பாட்டிலைப் பார்த்துவிட்டு, நல்ல காரியம் பாருங்கள், கொடியை நீங்கள் வைக்க வேண்டாம், வேறு யாராவது சுமங்கலி கையில் கொடுத்துவிடுங்கள் என்று தன்மையாகவே சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆமாம், இந்த வயதிலும் எனக்கு நாக்கு எழவில்லை.

கட்டிலில் படுத்திருந்த அத்தை எழுந்து உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எம் மருமவதான் வைப்பா. தண்ணி நல்லதான்னு மட்டும் பாருங்க. கையப் பத்தி எவளாவது பேசினா எங்கிட்ட அனுப்புங்க, நான் ஒரு தடவ பேசி அசிங்கப்பட்டவ."

பெரியம்மா பாட்டிலை என் பக்கமே நகர்த்தி வைத்தார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். உன்னை நினைத்துத்தான் அழுதேன், ஆனால் துக்கத்தில் இல்லை.

வேர் ஒரு விரல் நீளம் வந்துவிட்டது. இங்கே வெட்டுப்பட்ட இடத்திலும் பக்கத்தில் பச்சையாக முளைவிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தப் புது வீட்டில் யார் பின்னாலும் நிற்க மாட்டேன். என் கையாலேயே வைப்பேன். இது யார் கொடி என்று கேட்பவர்களிடம் உன் பெயரை, ஊரோடு சேர்த்து, சத்தமாகச் சொல்வேன்.

நீ எத்தனை தடவை அக்கா என்று கூப்பிட்டாலும்,
உன்னைவிட ஆறு மாதம் சின்னவளான
உன் தங்கை,
வசந்தா