வீட்டிலிருந்து ஒருவர்

அன்பு மகளுக்கு,

உன் அண்ணனை ஒருவழியாகச் சேர்த்துவிட்டேன். குடி மறுவாழ்வு மையத்தில், "காதுல குரல் கேக்குதுங்கறாரு, முதல்ல அதைப் பாருங்க" என்றார்கள். மனநல மருத்துவமனையில், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். இரண்டு வியாதியும் ஒரே ஆளுக்குத்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த மூன்றாவது இடத்தில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

வாரம் ஒருமுறை வீட்டிலிருந்து ஒருவர் வந்து அவனோடு பேச வேண்டுமாம். "இவருக்குப் பயப்படாதவங்க யாரு பெரியவரே?" என்று நர்ஸ் கேட்டார். அவனே முந்திக்கொண்டான்: "அப்பா கதவைத் தாழ் போட்டுட்டுத்தான் தூங்குவாரு. தங்கச்சி ஒருத்திதான் எதிர்த்து நிப்பா."

எதிர்த்து நின்றதற்கு நெற்றியில் தையல் வாங்கியவள் நீ. வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறன்று நானே போகிறேன். அவனிடம் என்ன பேசுவது என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
அப்பா