செலினுக்கு மட்டும் சொன்ன பொய்

மாசி 14, வெள்ளி

காலை காவலரணில் ஆமிக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ரீச்சர், தம்பி உயிலங்குளத்தில நெல்லு வெட்டுறதுதானே?"

தம்பியை அவர்கள் தேடுகிறார்கள். அவன் அங்கே இல்லை. வீட்டுக் கதை ஆமி முகாமுக்குப் போவது தெரிந்தபின், கொண்டுபோவது யாரென்று அறிய ஆளுக்கொரு ஊர் சொல்லிவைத்தேன். உயிலங்குளம் என்று செலினுக்கு மட்டும்தான் சொன்னேன்.

பின்னேரம் சிலுவைப்பாதை முடிந்து அவளும் என்னோடு வீட்டுக்கு வந்தாள். அவளின் மகன் அன்ரனுக்கு நான் ஞானத்தாய். அவனை முகாமில் பிடித்துவைத்து ஒரு மாதம். சொல்ல ஏதும் இல்லாமல் போனால் அவனை அவளுக்குக் காட்டமாட்டார்கள்போல.

"தம்பி கடிதம் போட்டவரோ, ரீச்சர்?"

"ஓம். இன்னும் ரெண்டு கிழமை உயிலங்குளம்தானாம்."

"கீரிக் கடலில வலை இழுத்த கைக்கு அரிவாள் பிடிக்கத் தெரியுமோ?" என்று சிரித்தாள்.

"கையை வெட்டிப்போட்டானாம்."

"ஐயோ, ஆழமான வெட்டோ? மருந்து கட்டினவரோ?" உண்மையாகவே பதறினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேரே கேட்டுவிடவேண்டும் என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தேன். கேட்டால் நாளைக்கு முகாமில் சொல்ல அவளிடம் ஒன்றும் இராது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"அன்ரனுக்காகச் செபியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போதுதான் செபமாலை முடித்தேன். அன்ரனுக்காகச் சத்தமாகவே மன்றாடினேன். தம்பிக்காகவும் மன்றாடினேன். அவன் இருக்கும் ஊரை மாதாவிடமும் சொல்லவில்லை.