மருமகன் கட்டிக் காட்டிய மூன்று மாடி

ஓகஸ்ட் 9, சனி

அஸர் தொழுதுவிட்டு வந்தால், மருமகன் றிஸ்வான் டெப்போடு உட்கார்ந்திருக்கிறான். நிக்காஹ் முடிந்து காவின் பதிவும் எழுதியாயிற்று, மகளுக்குச் சீதனமாக நான் கட்டும் வீடு முடிந்ததும் குடிவருவான். அந்த வீட்டைக் கட்டைகளை அடுக்கி விளையாடும் கேமில் மூன்று மாடியாகக் கட்டிக் காட்டினான். நான் போட்ட அத்திவாரம் ஒரு தட்டுக்குத்தான்.

"இப்பிடித்தான் வேணும் மாமா."

"இவ்வளவு மாபிளும் எங்கால மருமகன்?"

"கிரியேட்டிவ் மோட்ல எல்லாம் சும்மா வரும் மாமா. சாகவும் மாட்டம்."

சும்மா வந்தால் எவனும் மாடி எழுப்புவான். வீட்டைக் கொடுத்தபின் நானும் மனைவியும் ஒதுங்க, வளவின் பின்பக்கம் ஓர் அறை பேசியிருந்தோம். தேடினேன். அந்த இடத்தில் நீச்சல் குளம்.

"நாங்க எங்க படுக்கிற?"

"அது பொறகு பாப்பம் மாமா."

மகள் சஹ்னா டெப்பை வாங்கினாள். அவளும் இதே கேம்தான் விளையாடுவாள். ஆனால் மரம் வெட்டி, கல் தோண்டி, இருட்டினால் வரும் பேய்களுக்குத் தப்பிக் கட்டும் வகை. அதில் புது உலகம் ஒன்றைத் திறந்து நீட்டினாள்.

"இதில எங்கட வாப்பாக்கும் உம்மாக்கும் ஒரு அறை கட்டுங்க பாப்பம்."

இரண்டு மரம் வெட்டினான். இருட்டியது. பேய் அடித்துச் செத்தான். "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று டெப்பைக் கதிரையில் எறிந்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனான்.

நான் சிரித்தேன். சஹ்னா சிரிக்கவில்லை.

"காவின் எழுத முதல் இத விளையாட விட்டுப் பாத்திரிக்கலாமே வாப்பா" என்றாள்.

முப்பது வருடமாக முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டு வியாபாரம் செய்கிறேன். இவனைப் பிடித்து வந்ததும் நான்தான்.