மில்லிக்கன் செங்கல் வீடு

12 ஏப்ரல் 1994
இன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை வீடு அளக்க அனுப்பினார்கள். இந்தக் கட்டடக்கலை அலுவலகத்தில் ஆறு கிழமையாக மற்றவர்கள் கீறிய வரைபடங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தது இங்கே கணக்கில் இல்லை.

வீடு மில்லிக்கன் என்ற ஊரில். நூற்றுமுப்பது வயது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் தன் ஊர் முறையில் கட்டியது. ஒரு செங்கல் நீட்டாக, அடுத்த கல் தலை மட்டும் தெரிய, சுவர் முழுக்க அப்படியே. மூலைகளில் மாத்திரம் வெளிர்மஞ்சள் கல். அந்த அழகைப் பார்த்து அளவுநாடாவோடு நின்று தனியே சிரித்தேன்.

முன்பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. பின்பகுதி, அதாவது சமையலறையும் மேலறைகளும், பிறகு ஒட்டிக் கட்டியது என்று எங்கள் முதலாளி மிஸிஸ் கால்டர் அறிக்கை எழுதியிருக்கிறார். அதை இடித்து வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் எடுக்கப்போகிறார்கள்.

14 ஏப்ரல்
மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரிக்குள் தவழ்ந்து போனேன். அங்கே சுவருக்குப் பூச்சு இல்லை. இரண்டு பகுதியும் சந்திக்கிற இடம் தெரிகிறது. பிறகு ஒட்டியிருந்தால் மேலிருந்து கீழே நேராக ஒரு பிளவு இருக்க வேண்டும். இல்லை. ஒரு சுவரின் கல் மற்றச் சுவருக்குள் ஏறிப் பூட்டியிருக்கிறது. ஒன்றாகவே எழும்பின சுவர்கள்!

அறிக்கை பிழை. இதை நான் போய் எப்பிடிச் சொல்லுறது? நேற்று வந்தவள்.

15 ஏப்ரல்
சொல்லவில்லை.

16 ஏப்ரல்
என் கணவர் சீமோனிடம் சொன்னேன். சேட்டுக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டார். “வேலை போனா வேற வேலை தேடலாம், வேரோனிக்கா. சுவர் போனா?”

18 ஏப்ரல்
சொன்னேன். சுவர்கள் சந்திக்கிற இடத்தை நான் கீறிய படத்தை மிஸிஸ் கால்டர் பார்த்தார். பிறகு கார்த் திறப்பை எடுத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓட்டினார்.

அறுபத்துமூன்று வயது மனுசி, நல்ல கம்பளிக் கோட்டோடு அலுமாரிக்குள் தவழ்ந்தார். சப்பாத்து மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து என்னையும் கூப்பிட்டார். “இத்தனை வருடமும் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன்” என்றார். தலையெல்லாம் சிலந்திவலை. இரண்டுபேரும் முழங்காலில் இருந்து கல்லைத் தடவித் தடவிச் சிரித்தோம். அறிக்கையைத் தானே திருத்துவதாகச் சொன்னார்.

9 மே
முழு வீட்டையும் பாதுகாக்க நகரசபையின் பழங்கட்டடக் குழு முடிவுசெய்துவிட்டது. “கண்டுபிடித்தவர் இவர்தான்” என்று மிஸிஸ் கால்டர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார். எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் பின்வரிசையில் சீமோன் தட்டிக்கொண்டிருந்தார். வெட்கமாய்ப் போச்சு.

20 ஜூன்
மூன்று மாதம் முடிந்து, வேலை நிலைத்துவிட்டது. இன்றைக்கு வெக்ஸ்போர்டில் ஒரு பழைய பள்ளிக்கூடம். மழை வருவதற்கு முதல் கூரையை அளக்க வேண்டும். மிஸிஸ் கால்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன்.