மதிய வேளையில் நிரம்பும் வாசக அறை

ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்தது. சுற்றறிக்கைகூட அதைவிட இரண்டு வரி கூடுதலாக இருக்கும். உன் மனைவியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த முறையாவது எழுது. அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டே உயிரை வாங்குகிறார்.

போன வருட ஆண்டு விழாவில் மேடையேறி, 'நம் கல்லூரியில் மதிய இடைவேளையில்கூட நூலகம் நிரம்பி வழிகிறது' என்று பேசினாயே, நினைவிருக்கிறதா? நூலகர் என்ற முறையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வாரம் அந்தப் பெருமை போயிற்று.

கணக்குப் பிரிவில் முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி அலமாரிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, என் அறையில் உட்காரவைத்து, கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நேத்து" என்றாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. என் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டு மூடி வைத்துவிட்டாள். "மீதி என் கிளாஸ்மேட்டுக்கு, மேடம். உள்ளதான் உக்காந்திருக்கா."

அதற்குப் பிறகுதான் வாசக அறையை ஒழுங்காகப் பார்த்தேன். ஏன் எல்லோரும் இந்த நேரத்தில் இங்கேயே வருகிறீர்கள் என்று அவளிடம் கேட்டேன். "கேன்டீன்ல சும்மா உக்காந்தா ஒண்ணும் வாங்கலையான்னு கேப்பாங்க. பிரெண்ட்ஸோட இருந்தா சாப்பிடக் கூப்பிடுவாங்க, தினமும் எப்படிப் போறது? இங்கதான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். ஃபீஸுக்குக் கடன் கிடைத்திருக்கிறது, அறை வாடகைக்குப் பகுதிநேர வேலை இருக்கிறது. வயிற்றுக்கு மட்டும் எதுவும் மிஞ்சவில்லை.

பழைய செய்தித்தாள்கள் கிடந்த பின்னறையைக் காலி செய்து மேஜை போட்டுவிட்டேன். மிஞ்சியதைக் குப்பையில் கொட்டாமல் எங்களுக்கு அனுப்பச் சொன்னேன், கேன்டீன்காரர் சரி என்றார். ஆசிரியர்கள் சிலர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். யாரும் வரலாம், சாப்பிடலாம், பெயர் சொல்ல வேண்டாம். 'நூலகத்தில் உணவருந்தக் கூடாது' என்ற பலகையை மாட்டியவளே கழற்றிவிட்டேன்.

இதை உனக்கும் சொல்கிறேன், கல்லூரி நிர்வாகச் செயலாளருக்கும் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பதால் தபால் செலவு மிச்சம்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்கா,

முழங்கால் வலி தேவலாம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

நீ செய்ததைப் படித்து தம்பியாகச் சந்தோஷப்பட்டேன். செயலாளராகப் பயப்படுகிறேன். விஷயம் அதற்குள் நிர்வாகக் குழுவின் காதுக்குப் போய்விட்டது. இது கல்லூரியா, அன்னதானக் கூடமா என்று கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் படிக்கிற இடம் என்று பெயர் வந்தால், அடுத்த வருடம் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள் என்கிறார்கள். மிஞ்சிய சாப்பாட்டால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பழி உன் தலையில்தான் விழும்.

இப்போதைக்கு மூடிவிடு. நான் நேரம் பார்த்துப் பேசி முறையாக ஏதாவது செய்கிறேன். நீ ஓய்வு பெறப்போகிற நேரத்தில் இந்த வம்பு எதற்கு?

அன்புத் தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

மூடவில்லை.

சாப்பாட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று எழுதியிருந்தாய். நியாயமான பயம், அதனால் உணவியல் துறைக்குப் போய்ப் பேசினேன். அவர்களுடைய மாணவர்களே இப்போது வருகிற சாப்பாட்டைச் சோதித்து, சூடுபடுத்தி, வைக்கக்கூடாததை அப்புறப்படுத்துகிறார்கள். அதற்குச் செய்முறை மதிப்பெண்ணும் உண்டு. தாவரவியல் ஆசிரியை விடுதிக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த நிலத்தைக் கொத்திக் கீரை போட்டிருக்கிறார். அவர் வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட அங்கே மண்வெட்டியோடு நிற்கிறார்கள். கல்லூரியில் எல்லாமே இருந்திருக்கிறது, தம்பி. நிலம், அடுப்பு, படித்தவர்கள், சாப்பாடு. ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன, அவ்வளவுதான்.

பெயர் கெட்டுவிடும் என்கிறாய். விழுந்து கிடந்த பெண்ணைத் தாண்டிப் போயிருந்தால் கெடாத பெயர், அவளுக்குச் சாப்பாடு போட்டதால் கெடும் என்றால், அது கெட்டுப் போகட்டும். இதை அப்படியே குழுவில் வாசித்துக் காட்டு. பூசி மெழுகாதே.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் குழுவில் வாசிக்கவில்லை. ஆனால் நல்ல செய்தி இருக்கிறது. குழு ஒப்புக்கொண்டுவிட்டது. கட்டடத் தொழிலதிபர் ஒருவர் உணவுப் பொட்டலங்கள் தர முன்வந்திருக்கிறார். இவர்களை வழிக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு மூன்று நிபந்தனைகள். பயன்பெறுகிறவர்கள் குடும்ப வருமானச் சான்று தர வேண்டும், தனி அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். தொடக்க விழாவில் அந்தப் பெரியவர் கையால் மேடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருவார்கள். மிகவும் கஷ்டப்படுகிற சிலரை நீயே தேர்ந்தெடுத்து கல்லூரி முதல்வரிடம் சொல்லிவிடு.

இதையாவது தட்டாதே, அக்கா.

அன்புத் தம்பி

செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் என்று நீ விழாவுக்கு வரவில்லை. காய்ச்சல் நிஜமாக இருந்தால் உடம்பைப் பார்த்துக்கொள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்வதற்கு முன்.

முதல்வர் பெயர்களைக் கேட்டார். எனக்கு யார் பெயரும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அதையும் சொன்னேன். அதனால் தேவைப்படுகிறவர்கள் மேடைக்கு வரலாம் என்று மைக்கில் அறிவித்தார்கள். கூடம் நிறைய மாணவர்கள், ஒருவர்கூட அசையவில்லை. கேமராக்காரர்கள் காத்திருந்தார்கள். இரண்டாம் முறை அறிவித்தார்கள்.

கணக்குப் பெண் எழுந்தாள். தனியாக நடந்து போய் மேடைக்குக் கீழே நின்றாள். ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று நான் எழுவதற்குள், தினமும் காரில் வந்து இறங்குகிற பெண் ஒருத்தி அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் கால்பந்துக் கும்பல். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். தாவரவியல் ஆசிரியை கைப்பையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். கடைசியில் கூடத்தில் உட்கார்ந்திருந்தது நாற்காலிகள் மட்டும்தான். நானும் வரிசையில் இருந்தேன்.

தொழிலதிபர் முதல்வரின் பக்கம் குனிந்து, "இதுல ஏழைங்க யாருங்க?" என்று கேட்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். நம் முதல்வர் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர், உனக்குத் தெரியும். அவர் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "தெரியலைங்க, எல்லாரும் நம்ம பிள்ளைங்க" என்றார்.

பொட்டலம் தீர்ந்துபோனது, தொழிலதிபர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் தூண்டிவிட்டதாகச் சொல்கிறார்களாம். நான் தூண்டவில்லை. ஆனால் அந்தப் பெருமையை என்மேல் போட்டால் மறுக்கப் போவதும் இல்லை.

அக்கா

செப்டம்பர் 15

அக்கா,

உன்னைக் கிளைக் கல்லூரிக்கு மாற்றக் குழு முடிவு செய்துவிட்டது. ஆணை தனியாக வரும். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அக்காவுக்காகப் பேசுகிறான் என்பார்கள் என்று நினைத்தேன். அதற்காக வீட்டில் என் மனைவி என்னோடு பேசுவதில்லை.

பின்னறையை மூடும் ஆணையிலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதை மட்டும் திருப்பி நகர்த்திவிட்டேன். "மூடணும்னு நினைக்கிறவங்க யாராவது உங்க பேர்ல கையெழுத்துப் போடுங்க" என்றேன். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. அதனால் அறை இருக்கிறது.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

செப்டம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஆணை வந்தது. புது இடத்தில் சேர்ந்துவிட்டேன். பழைய அறையைக் கணக்குப் பெண்ணும் கேன்டீன்காரரும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் இல்லாததால் சத்தம் குறைந்திருக்கிறதாம். சாப்பாடு குறையவில்லை.

கோபித்துக்கொள்ளாதே என்கிறாய். கோபம்தான். அந்த அறைக்காக உன்னால் பேச முடிந்தது, அதைத் திறந்தவளுக்காக முடியவில்லை. பாதி செய்திருக்கிறாய். பாதிக்கு நன்றி சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்தக் கல்லூரியின் முதல்வர் முதல் நாளே கூப்பிட்டு, இங்கே புத்தக வேலை மட்டும்தான் என்று மரியாதையாகச் சொன்னார். புத்தக வேலையில் குறை வைக்க மாட்டேன், மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடக்கிற அறையின் சாவி வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். வியர்த்துப்போய், செயலாளரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். தாராளமாகக் கேளுங்கள் என்றேன். அவர் கடிதம் இந்நேரம் உன் மேஜைக்கு வந்திருக்கும். உனக்காக நான் ஒரு வார்த்தைகூடப் பரிந்து பேசவில்லை, நீயாகவே பதில் எழுது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வருகிறேன். செயலாளர் அங்கே இருந்தால் எங்காவது வெளியே அனுப்பிவை. எனக்கு என் தம்பியோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

உன் அக்கா