அப்பாவை வழியனுப்ப எழுந்த காலை

ஊரப்பாக்கம்,
29.11.2001

அன்பு மகள் பூங்கொடிக்கு அம்மா எழுதுவது. புனே குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்பும் அப்பா உடம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன, உடம்பை மட்டும்தான் சொல்கிறேன்.

என் தூக்கம் உனக்குத் தெரியும். அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தபோது வீடு அடங்கிய பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடியும், பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ராத்திரி வெகுநேரம் விழித்திருந்து, வெயில் வந்த பிறகுதான் எழுவேன். அப்பாவுக்குக் காலை ஷிப்ட் என்றால் ராத்திரியே சோறாக்கிக் கேரியரில் கட்டி, ஃபிளாஸ்கில் காபி ஊற்றி வைத்துவிட்டுப் படுப்பேன். அவரும் என்னை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவார், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய், அப்பா மெலிந்துவிட்டார், சூடாக எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை அலாரம் வைத்து, இருட்டு இருக்கும்போதே எழுந்து இட்லி ஊற்றினேன். அடுப்படியில் என்னைப் பார்த்ததும் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவரோ பிடிபட்டவர் மாதிரி நின்றார். நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுக் கிளம்பினார், கேரியரை மறந்துவிட்டார்.

அதை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடினேன். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே மறைமலைநகர் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஸ்டாப்பில் நின்றவர்கள் ஏறினார்கள். அப்பா மட்டும் யூனிபார்ம் சட்டையோடு, மூடியிருந்த பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, டிரைவரும் தேடவில்லை. பஸ் போனதும் வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆடி மாதமே கம்பெனியில் அவர் வேலை பார்த்த லைனை மூடிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். அப்போது கொடுத்த பணத்தை வைத்துத்தான் மாதாமாதம் சம்பளம் மாதிரி என்னிடம் தந்திருக்கிறார். காலை ஷிப்ட் வாரம் காலையிலும், மதிய ஷிப்ட் வாரம் மதியத்திலும் ஒழுங்காகக் கிளம்பி, ஸ்டேஷனில் பிளாட்பாரக் கோடி பெஞ்சில் உட்கார்ந்து, கேரியர் சோற்றைத் தின்றுவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வீடு வந்திருக்கிறார். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "நீ தூங்கினு இருந்த எல்லம்மா, எய்ப்பி இதையா சொல்றது" என்றார். நாள் முழுக்க அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "வண்டி போறத பாத்துகினு கீறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கு இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் இல்லை.

கொயந்தைக்கு மட்டும் எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். மறுநாளும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார், கேரியரை நானே எடுத்துக் கொடுத்தேன். ஐம்பது வயதுக்காரருக்கு வேலை யார் தருவார்கள் என்று அவரே கேட்கிறார். நேற்றும் இன்றும் இருட்டிலேயே எழுந்து இட்லி வைத்துக் கோலம் போட்டேன். பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள், இன்னா எல்லம்மா, பி.ஏ. படிச்சவ வூட்டுலகூட விடிஞ்சிடுச்சா என்று கேட்டாள், சிரித்துவைத்தேன். காய் வாங்கும் சாக்கில் நேற்று ஸ்டேஷன் பாலத்தில் ஏறிப் பார்த்தேன். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூப்பிடத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும் வரை நான் நானாக இல்லை. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. எங்கிருந்தாலும் நீ நிம்மதியாக இருக்க வேண்டும், அது ஒன்றைத்தான் சாமியிடம் கேட்கிறேன்.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது வழக்கம்போல இந்த வாரம் எந்த ஷிப்ட் அப்பா என்று ஆரம்பிக்காதே. கேட்டால் ஏதாவது ஒரு ஷிப்டைச் சொல்லிவிடுவார்.

உன் அம்மா,
கா. எல்லம்மாள்