அந்தப் பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஐந்தாம் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆளுக்கொரு நூலும் இரும்பு நட்டும் கொடுத்து, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு செய்ய வைத்தேன். எது நேர், எது கோணல் என்று அலமாரி, கதவு, கரும்பலகை எதையும் விடவில்லை. என்னையும் நிற்க வைத்து அளந்தார்கள். டீச்சர் கோணலாம்.

கடைசியில் எங்கள் அவசரக்குடுக்கை, இரட்டைப் பின்னல்காரி, சுவருக்கு வந்தாள். எங்களுக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் சுவர். மேலே ஆணியில் நூல் சுவரை விட்டு நான்கு விரல் தள்ளித் தொங்குகிறது. கீழே வந்தால் இரண்டே விரல்.

"அப்போ சுவர் எந்தப் பக்கம் சாயுது?"

கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம் டீச்சர்" என்றாள். அவள் கையில் ஒரு நட்சத்திரம் வரைந்தேன்.

ஜூலை 9

சுவரில் இருந்த விரிசலின் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டினோம். சுவர் நகர்ந்தால் கிழியும். கிழியாது என்று நினைத்துத்தான் ஒட்டினேன்.

ஜூலை 14

கிழிந்திருக்கிறது. பிளேடு போட்டதுபோல.

ஜூலை 15

தலைமை ஆசிரியர் வந்து பார்த்தார். தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "மேல எழுதிப் போடறேன். அதுவரைக்கும் உங்க கிளாஸ வராந்தாவுல வச்சுக்குங்க. மத்த டீச்சர்ங்ககிட்ட இதப் பேச வேணாம். இருக்கறது ஒரு வராந்தா. பேச்சு வெளிய போச்சுன்னா பெத்தவங்க வாசல்ல வந்து நிப்பாங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் பிள்ளைகள் வெளியே வந்தாயிற்று. இப்போதைக்கு அது போதும். சாய்வதும் எங்கள் பக்கம் இல்லையே—

என்ன எழுதுகிறேன் நான்?

ஜூலை 16

வீட்டில் இவரிடம் சொன்னேன். "சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லிட்டல்ல. இதுக்கு மேல உனக்கெதுக்கு வம்பு?" என்றார். சரிதான் என்று பட்டது. இருந்தும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 21

இரண்டாம் வகுப்பு டீச்சர் வராந்தாவுக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். சாக்பீஸ், சிவப்புப் பேனா, தலைவலி மாத்திரை எல்லாம் எங்கள் இருவருக்கும் பொது. "உங்க கூட்டம் மட்டும் ஜாலியா காத்து வாங்குது. அந்த நூல் விளையாட்ட எங்க வாண்டுகளுக்கும் ஒரு நாள் சொல்லிக் குடுங்கக்கா."

நாக்கு நுனி வரை வந்தது. "இந்த வாரமே வரேன்" என்று மட்டும் சொன்னேன். பாவி நான். அவளுக்கு இடம் கொடுத்தால் என் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

ஜூலை 24

விடாமல் மழை. நாளைக் காலையில் முதல் வேலை அவளிடம் சொல்வதுதான். யார் என்ன சொன்னாலும் சரி.

ஜூலை 25

காலையில் அவள் அறை வாசலில் தலைமை ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். மதியம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

மதியத்துக்குள் சுவர் விழுந்துவிட்டது. அந்தப் பக்கம்.

ஆகஸ்ட் 11

இன்று பள்ளி திறந்தது. வேறொரு கட்டடம். மூன்று குழந்தைகள் இல்லை. அவள் இல்லை.

என் வகுப்பில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பெற்றோர் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "எங்க புள்ளைங்களக் காப்பாத்துன தெய்வம் நீங்க." கையை உருவிக்கொள்ளக்கூட முடியவில்லை.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்து தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். "யாருக்கும் முன்னாடி தெரியாதுன்னே சொல்லுவோம், என்ன" என்று அவர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

இடைவேளையில் இரட்டைப் பின்னல்காரி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அந்த நூலும் நட்டும்.

"டீச்சர், அந்தப் பக்கம்னு நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்ன."

"அப்போ அங்க போய் நான் சொல்லியிருக்கணுமா?"

"நீ இல்லம்மா" என்றேன். அவள் கையிலிருந்த நூலை வாங்கிக்கொண்டு அந்த இருவரும் இருந்த அறைக்குப் போனேன்.